பதுவைக்குப் போகாத லேஞ்சி

மாக்கிரட் பத்திநாதர் தைத்த சட்டைக் கழுத்துகளை வரிசையாக அடுக்கினால் மொன்றியலில் இருந்து ரொறன்ரோ வரை போய்ச் சேரும் என்று மகள் அனோஜினி பகிடி பண்ணுவாள். ஷபனெல் தெருவில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையின் ஐந்தாம் மாடி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய ஒரு மெஷின். மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் தேநீர், மணி அடித்தால் மறுபடியும் கழுத்து. கணவரை யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குள் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய நாளில் இருந்து அவளுடைய வாழ்க்கையை நடத்தியது அந்த மணிதான்.

அந்த மாக்கிரட் இத்தாலிக்குச் சுற்றுலா போனாள் என்றால் அவள் குடியிருந்த கோட்-டெ-நேஜ் பக்கத்தில் யாரும் முதலில் நம்பவில்லை.

பக்கத்து மெஷினில் இருந்த ரோசாதான் காரணம். ரோசாவின் இத்தாலியப் பங்குக் கோயிலில் இருந்து தொண்ணூற்று நான்காம் ஆண்டு புரட்டாதியில் ஒரு கூட்டம் புறப்பட்டது. ஓடி ஓடிப் பார்க்கிற பயணம் அல்ல. ஓர் ஊரில் ஆறுதலாகத் தங்கி, மண்பாத்திரம் வனைகிறவர்களைப் பார்த்து, பண்ணை வீட்டுக் குசினியில் சமைத்துச் சாப்பிட்டு, திராட்சைத் தோட்டங்களில் நடந்து, கடைசியாக வெனிஸ். அங்கிருந்து, விரும்பியவர்கள் ஒரு பின்னேரம் பதுவைக்குப் போய்ப் புனித அந்தோனியாரின் கல்லறையைக் கும்பிட்டு வரலாம்.

"அம்மா, உங்கடை கைக்கு ஒரு லீவு குடுங்கோ" என்று அனோஜினி பெயரைப் பதிந்துவிட்டாள். மாக்கிரட் தலையாட்டியது பதுவை என்ற பெயரைக் கேட்ட பிறகுதான்.

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவள் கீழ்த்தட்டு யோகராணி. அவளுடைய கணவர் அரியரத்தினம் ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாலும் பழைய உத்தியோகத்தை வாய் விடவில்லை. மாக்கிரட் அவர்கள் வீட்டு வாசலில் தலை காட்டினால் போதும், "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் இருக்கு!" என்று சத்தம் வைப்பார். அந்த மனிதரைத்தான் சித்திரை மாதத்தில் பாரிசவாதம் அடித்துப் போட்டது. வலப்பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, வாயின் ஒரு மூலையால் திரும்பி வந்தது.

யோகராணி ஒரு வெள்ளை லேஞ்சியை நீட்டினாள். அரியரத்தினம் வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்திருந்த கைக்குட்டை.

"அக்கா, நாங்கள் முருகனைக் கும்பிடுற ஆக்கள்தான். எண்டாலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலை மெழுகுதிரி கொளுத்தாத சைவம் ஆர் இருக்கினம்? இதை அந்தோனியார்ரை கல்லறையிலை ஒருக்கா தொட்டு முட்டிக்கொண்டு வாங்கோ. அது போதும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"இதென்ன பெரிய காரியமே ராணி? உன்ரை மனுசன் எனக்குத் தம்பியெல்லோ" என்றாள் மாக்கிரட். லேஞ்சியைச் செபமாலையோடு சேர்த்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்துச் சிப்பை இழுத்தாள்.

அவள் பொய்யாகச் சொல்லவில்லை. போகும்போது அந்த லேஞ்சியை விடப் பெரிய பொருள் அவள் பயணப்பையில் எதுவும் இருக்கவில்லை.

வழிகாட்டி ஒரு நெட்டையான மனிதர். குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். "பியானோ, பியானோ" என்பார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். முதல் நாட்களில் மாக்கிரட்டுக்கு அது பிடிபடவில்லை. எல்லாருக்கும் முதல் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பஸ் வாசலில் போய் நின்றாள். ரோசா விழுந்து விழுந்து சிரித்தாள். "இஞ்சை உனக்கு மணி அடிக்க ஒருத்தரும் இல்லை, மாக்கிரட்!" என்று தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னாள்.

அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்தது. ஊம்பிரியாவின் மலையூர் ஒன்றில், குயவர் பட்டறையில், அவள் கையால் ஒரு தட்டில் நீலத்தில் ஓர் இலை வரைந்தாள். தொஸ்கானாவின் பண்ணை வீட்டில் மாவை உருட்டி நூலாக இழுத்தாள். இடியப்ப மாவை விட இது இறுக்கம் என்று சொன்னாள், அங்கே யாருக்கும் விளங்கவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சைப்பிரஸ் மரங்கள் வரிசையாக நின்ற செம்மண் பாதையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஐம்பத்தேழு வயதுப் பெண், விதவை, வெறுங்காலோடு! படுக்கப் போகும்போது மட்டும் கைப்பைக்குள் விரலை விட்டு லேஞ்சியைத் தொட்டுப் பார்ப்பாள். இருக்கிறது. பதுவை வரட்டும்.

வெனிஸில், பதுவைக்குப் போக இருந்த அன்று காலையில்தான் அவர்களைப் புரானோ தீவுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு என்று வீடுகள். வாசல்களில் பெண்கள் மடியில் தலையணை வைத்துக்கொண்டு ஊசியால் றேந்தை, அதாவது லேஸ், பின்னிக்கொண்டிருந்தார்கள். மாக்கிரட் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பெண் அவள் விரல்களைப் பார்த்தாள், விரல் நுனியில் இருந்த ஊசித் தழும்பைப் பார்த்தாள். இருந்த வாங்குப் பலகையில் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஓர் ஊசியையும் கொடுத்தாள்.

இருபது வயதில் தன் கலியாணச் சட்டைக்குத் தானே பின்னிய பிறகு, தனக்காக என்று அவள் ஊசி பிடித்தது அன்றைக்குத்தான். நூல் வளைந்தது. சின்னதாக ஒரு பூ வந்தது. வெயில் முதுகில் இதமாக விழுந்தது.

"மாக்கிரட்! பதுவை!" படகுத்துறையில் இருந்து ரோசா கூப்பிட்டாள். கூட்டத்தோடு வந்த பாதிரியாரும் பதுவைக்குப் போகிறவர்களும் அவளோடு நின்றார்கள். மற்றவர்கள் பின்னேரம் வரை தீவிலேயே இருக்கலாம்.

அவளுக்கு நன்றாகக் கேட்டது. லேஞ்சியும் நினைவில் இருந்தது. மறதி என்று பிறகு எத்தனையோ தடவை தன்னை ஏமாற்றப் பார்த்தாள், முடியவில்லை. பூவின் இரண்டாவது இதழ் பாதியில் நின்றது.

"நீங்கள் போங்கோ. நான் இருக்கிறன்" என்று கையைக் காட்டினாள்.

லேஞ்சியை ரோசாவிடம் கொடுத்திருக்கலாம். நாலு எட்டு வைத்தால் படகுத்துறை. ஆனால் கொடுத்தால், தான் போகவில்லை என்பது ஒரு நாள் யோகராணிக்குத் தெரிந்துவிடும் என்று அந்த நேரத்திலும் ஒரு கள்ளப் புத்தி சொன்னது. படகு போனது. மாக்கிரட் மூன்றாவது இதழைத் தொடங்கினாள். அவ்வளவு சந்தோசமான பின்னேரம் அவளுக்கு வாழ்க்கையிலேயே வாய்த்ததில்லை. பாவி! அந்தச் சந்தோசந்தான் அவளைப் பிறகு தின்றது.

மொன்றியலுக்குத் திரும்பிய அன்று லிப்ட் வாசலிலேயே யோகராணி தேநீர்ப் போத்தலோடு காத்து நின்றாள்.

"அக்கா, முட்டினீங்களோ?"

இல்லை என்ற சொல் தொண்டை வரை வந்தது. யோகராணியின் கண்களைப் பார்த்ததும் அங்கேயே செத்தது.

"ஓம்."

"கல்லு குளிரோ, சூடோ?"

"குளிர்... கை வைச்ச உடனை எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது."

யோகராணி லேஞ்சியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு இத்தாலியைப் பற்றி மாக்கிரட் வாயே திறக்கவில்லை. அனோஜினி படங்களைக் கழுவி எடுத்து வந்தபோது தலையிடி என்று போய்ப் படுத்தாள். நீல இலை வரைந்த தட்டை அலுமாரியின் அடியில் தள்ளினாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள், பாதிரியார் உடனே மன்னித்துச் செபம் சொல்லச் சொன்னார். கடவுளிடம் மன்னிப்பு வாங்குவது இவ்வளவு இலேசா என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கீழ்த்தட்டுக்குப் போகும் படிகள் அல்லவா செங்குத்தாக இருந்தன!

மார்கழியில் ஒரு நாள் மனம் கேளாமல் கீழே போனாள். அரியரத்தினம் கட்டிலில் கிடந்தார். காலுக்கு மேல் லேஞ்சி விரித்திருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதம் உள்பக்கமாக மடங்கி, மரக்கட்டையைப் போல விறைத்திருந்தது. ஆவணியில் அவள் பார்த்தபோது அந்தப் பாதம் தரையில் ஊன்றியது.

"தம்பி, பிசியோப் பயிற்சிக்குப் போறேல்லையோ?"

"அந்தோனியார்ரை... பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு கிடக்கிறன் அக்கா" என்றார் வாயின் மூலையால். "கொஞ்சம்... பிந்திப்போச்சு."

யோகராணி தேநீரோடு வந்தாள். "அதை விட்டாச்சு அக்கா. இந்த ஐஸிலை இவரை எப்பிடி இறக்கிறது? கிளினிக்காலை போன் எடுத்துக் கேட்டவை. இனி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். ஒரு இடத்திலை நம்பிக்கை வைச்சாப் பிறகு இன்னொரு இடத்திலை போய் நிக்கலாமே?"

"சாமியும் வேணும், பயிற்சியும் வேணும், ராணி."

"நீங்களே இப்பிடிச் சொல்லலாமோ?" யோகராணி முகத்தைச் சுருக்கினாள். "கல்லறையைத் தொட்ட கை உங்கடை கை. உங்களுக்கே நம்பிக்கை இல்லையெண்டா நான் ஆரை நம்புறது?"

மாக்கிரட் தேநீரைத் தொடாமல் வைத்தாள். இனி எத்தனை நியாயம் சொன்னாலும் இவள் கேட்கப் போவதில்லை. அன்றைக்கு லிப்ட் வாசலில் விழுங்கிய அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் கேட்பாள். சொன்னால் இந்த வீட்டு வாசல் மூடும். சொல்லாவிட்டால் இந்தக் கால் இனி எழும்பாது. அவள் அந்த மடங்கிய பாதத்தைப் பார்த்தாள். ஒரு றேந்தைப் பூவுக்காக!

"நான் பதுவைக்குப் போகேல்லை" என்றாள்.

யோகராணி சிரித்தாள். "என்னக்கா பகிடி?"

"பகிடியில்லை. கூப்பிட்டவை. நான் போகேல்லை. ஒரு தீவிலை இருந்து றேந்தை பின்னிக்கொண்டிருந்தன். லேஞ்சி என்ரை பைக்குள்ளைதான் கிடந்தது. ராணி, அதிலை ஒண்டும் இல்லை. அது வெறும் துணி. தம்பியைப் பிசியோவுக்குக் கொண்டு போ. உன்ரை காலிலை விழுறன்."

 யோகராணி கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். காலின் மேல் கிடந்த லேஞ்சியை எடுத்தாள். சுருட்டினாள்.

"கண்ணாலை தண்ணி வந்தது எண்டு சொன்னீங்களே அக்கா" என்றாள்.  "நான் கேக்காமலே சொன்னீங்களே. அந்தோனியார்ரை நாள் எண்டு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் இதைக் காலிலை போட்டுப் போட்டுப் பாத்துக்கொண்டிருந்தனே! இவர் விரலை அசைச்சது மாதிரி இருக்கெண்டு எத்தினை தரம் உங்களுக்கு ஓடி வந்து சொன்னன்! அப்ப எல்லாம் என்னைப் பாத்துத் தலையாட்டினீங்களே!"

லேஞ்சி மாக்கிரட்டின் மார்பில் வந்து விழுந்தது.

"எழும்பிப் போங்கோ. என்ரை வீட்டுக்குள்ளை நிக்க வேண்டாம்."

மாக்கிரட் போனாள். படியில் குந்தியிருந்து அழுதாள்.

ஆனால் அடுத்த கிழமை, கிளினிக்கில் மறுபடி நாள் எடுத்திருக்கிறார்கள் என்று அனோஜினி மூலம் தெரிந்தது. அன்று காலை தொழிற்சாலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோட்டும் பனிச்சப்பாத்தும் போட்டுக்கொண்டு மாக்கிரட் கட்டட வாசலில் போய் நின்றாள். கதவு திறந்தது. யோகராணி கணவரைத் தாங்கியபடி, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். மாக்கிரட்டைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். முன்னால் ஐஸ் மூடிய படிகள்.

மாக்கிரட் அரியரத்தினத்தின் விழுந்த கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாள். யோகராணி வேண்டாம் என்று சொல்லவில்லை.  மூவருமாக ஒரு படி இறங்கினார்கள். மாக்கிரட்டின் வாயில் தன்னை அறியாமல் வந்தது: "பியானோ, பியானோ..."

"அதென்ன... பாஷை?" என்றார் அரியரத்தினம்.

"மெல்ல எண்டு அர்த்தம் தம்பி. இத்தாலிப் பாஷை."

கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான். அன்றைக்கு அது பதுவையை விடத் தூரமாக இருந்தது. பாதி வழியில் அரியரத்தினம் நின்றார். மூச்சு வாங்கியது. தலையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"அக்கா. இவ்வளவு நாளும்... ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. அந்தத் தீவு... எப்பிடி?"

 "அதை ஏன் தம்பி இப்ப? அதாலைதானே எல்லாம்."

"பதுவைக்குத்தான்... போகேல்லை. அங்கையாவது போனனீங்கள். சொல்லுங்கோ. நான் எங்கை... போகப் போறன்?"

யோகராணி எதிர்ப்பக்கத்தில் விறைப்பாக நின்றாள்.  மாக்கிரட் அவளைப் பார்க்கத் துணியாமல், நிலத்துப் பனியைப் பார்த்துக்கொண்டு தொடங்கினாள். நீல வீடு, மஞ்சள் வீடு என்றாள். தண்ணீரில் அவை தலைகீழாக ஆடும் என்றாள். வாங்கில் நகர்ந்து இடம் விட்ட பெண்ணைச் சொன்னாள். முதுகில் விழுந்த வெயிலைச் சொன்னாள். சொல்லும்போது கண்ணால் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை அது பொய்யில்லை.

"இடம் விட்டவவோ?" அரியரத்தினத்தின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. "முன்னுக்குப் போங்கோ... உள்ளுக்கு இடம் இருக்கு."

மூவரும் மறுபடி நடந்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் யோகராணி நேரே பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்:

"இவரின்ரை லேஞ்சியை எனக்குத் திருப்பித் தர வேணும். மூக்குத் துடைக்க ஒண்டும் இல்லை இவருக்கு."

மாக்கிரட் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். தோய்த்து, அயன் பண்ணி, மடித்து வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். யோகராணி அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கி, கணவரின் மூக்கைத் துடைத்துவிட்டு, அவருடைய சட்டைப்பையில் செருகினாள்.