கடைசிக் கம்பத்துக் கறுப்பு நாய்

குணாளன் முப்பத்தெட்டு ஆண்டுகள் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அரைக் கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொன்னதாகப் பதிவில்லை. ஓய்வு பெற்றபின் நிறுக்க ஒன்றுமில்லாமல் கை அரித்தது. தொழிலாளர் லயத்துப் பக்கம் யார் யாரோ விட்டுப் போகும் நாய்களைப் பிடித்து வேலியோரக் கம்பங்களில் கட்டி, சோறு போட்டு, கேட்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். கிராணிக்கு இளகிய மனசு என்றது ஊர். உண்மையில் அவருக்கு ஒரு பேரேடு தேவைப்பட்டது.

வந்த தேதி, நிறம், போன தேதி, தாமதமானால் காரணம் என்று பேரேட்டில் கோடு போட்டிருந்தார். ஆறு ஆண்டுகளில் அறுபத்து மூன்று நாய்கள். வெள்ளை சராசரியாக ஐந்தே நாளில் போனது, செம்பழுப்பு ஒன்பது நாளில். கறுப்புக்கு நாற்பத்தொன்று. கறுப்பு நாய்கள் மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கும் காரணக் கட்டத்தில் 'மூடநம்பிக்கை' என்று அழகாக எழுதியிருந்தார். கடைசிக் கறுப்புக்கு அது வந்த அன்றே எழுதிவிட்டார். பின்னால் வேலை மிச்சம்.

அந்தக் கடைசிக் கறுப்புதான் ஐம்பத்தொன்பதாம் எண். எட்டு மாதப் பெட்டை, வந்து தொண்ணூற்று நான்கு நாள். நாய்க்குப் பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்று அவர் எண்ணோடு நிறுத்திக்கொண்டார். "ஐம்பத்தொன்பது" என்று கூப்பிட்டால் அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது.

திங்கட்கிழமை தோட்டத்து மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு ஒரு நாய்தான். மீதியைச் சனிக்கிழமை ஆள் வந்து பிடித்துப் போவார்கள். குணாளன் வீட்டில் ஏற்கெனவே கண் தெரியாத ஒரு கிழட்டு நாய் இருந்தது. கட்டியிருந்த வெள்ளையும் செம்பழுப்பும் எப்படியும் போய்விடும். ஐம்பத்தொன்பதை யார் கேட்பார்கள்? இருட்டுக் கொட்டகைக்குள் நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பினார். படத்தில் கறுப்புக்குள் இரண்டு கண்கள் மட்டும் கனன்றன. "கிராணி, அடுப்பு விக்கிறீங்களா?" என்று பதில் வந்தது.

புதன்கிழமை வந்த குடும்பத்துக்கு வழக்கம்போல முதல் கம்பத்திலிருந்து காட்டிக்கொண்டு போனார். கடைசிக் கம்பத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமி, "கறுப்பு நாய் வீட்டுக்கு ஆகாதுன்னு சிலர் சொல்வாங்க. நீங்க அதையெல்லாம் நம்பக் கூடாது" என்று உரை நிகழ்த்தினார். அதுவரை அப்படி ஒரு பேச்சைக் கேட்டே அறியாத அந்த அம்மாள் கணவனைப் பார்த்தார். செம்பழுப்பு போயிற்று.

"படிச்சவங்களே இப்படி" என்றார் குணாளன், மனைவி சுபத்ராவிடம்.

"நீங்க வாயத் திறக்காம இருந்திருக்கலாம்லா" என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி.

வியாழன் பிற்பகல் திரிங்காப் காய்கறித் தோட்டத்திலிருந்து உமாதேவி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். அதற்குள் பனிமூட்டம் இறங்கிக் கம்பி வேலியே மங்கிவிட்டது. அவள் நேராகக் கடைசிக் கம்பத்துக்கு நடந்தாள்.

"ஐயா, இத அவுத்துக் குடுங்க."

"அது கடைசிம்மா. முதல்லருந்து பாருங்க. வெள்ளை ஒண்ணு இருக்கு."

"எங்க இருக்கு?"

குணாளன் திரும்பிப் பார்த்தார். முதல் கம்பத்தில் ஒரு கயிறு காற்றில் கட்டியிருந்தது போலத் தெரிந்தது. கயிறு குரைத்தது.

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியுது" என்றாள் உமாதேவி. "போன மாசம் எங்க வெள்ளை நாய லோரி அடிச்சிருச்சு. டிரைவர் மேல குத்தமில்ல, மூட்டத்துல அவனுக்குத் தெரியல. இது தெரியும்லா."

"கறுப்பு நாய்னா சில பேரு..." என்று தொடங்கிய குணாளனின் முழங்கையை யாரோ கிள்ளினார்கள். சுபத்ரா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

ஐம்பத்தொன்பது மோட்டாரின் முன்கூடையில் ஏறி உட்கார்ந்தது. வளைவு திரும்பும்வரை அது கண்ணுக்குத் தெரிந்தது. உமாதேவியின் வெள்ளைச் சட்டை எப்போதோ மறைந்துவிட்டது.

போன தேதி எழுதப் பேரேட்டைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதல் கம்பத்தில் வெள்ளை, நடுவில் செம்பழுப்பு, கடைசியில் கறுப்பு. யார் வைத்த வரிசை இது? நல்ல கொழுந்தை முதல் தட்டிலும் முற்றல் இலையைக் கடைசியிலும் வைத்தே முப்பத்தெட்டு வருஷம் பழகிய கை. ஆறு ஆண்டுகளாக நாய்களையும் அப்படியே கட்டியிருக்கிறது. வந்தவர்கள் கடைசிக் கம்பத்துக்கு வரும்போது மனசை ஏற்கெனவே வேறு நாய்க்குக் கொடுத்திருப்பார்கள். மிச்சம் மீதியை அவருடைய உரை பார்த்துக்கொண்டது.

எழுதியதை அவர் அழிப்பவரல்லர், அடித்துத் திருத்துபவர். சிவப்புப் பேனா எடுத்து முதல் 'மூடநம்பிக்கை'யை அடிக்கப் போனார்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த சுபத்ரா, "அத ஏன் அடிக்கிறீங்க? சரியாத்தான எழுதியிருக்கீங்க. யாரோடதுன்னுதான் எழுதல" என்றாள்.

 குணாளன் ஒவ்வொரு 'மூடநம்பிக்கை'க்கும் முன்னால் 'கிராணியின்' என்று எழுதினார். திருத்தம் செய்த இடத்தில் கையெழுத்து வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு முறை போட்டார்.

மறுநாள் காலை வெள்ளை நாயை அவிழ்த்துக் கடைசிக் கம்பத்தில் கட்டினார்.