பத்து மணிப் பால்

நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் மருதாம்பாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மொத்தம் பதினேழு குழந்தைகள். பதினேழு தூளி, பதினேழு ஒழுகுகிற மூக்கு, ஒரே ஒரு மருதாம்பாள். இருபது வருஷமாக இதே பாடு. எப்போது பார்த்தாலும் அவளுக்கு இடுப்பு வலிதான்.

பிள்ளை எப்போது சோற்றுக்குத் தயாராகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டுக்கொடுக்காமல் உட்கார வேண்டும், தலை ஆடக்கூடாது. அவள் சாப்பிடும்போது தட்டிலிருந்து வாய்வரை அவள் கையோடு கூடவே அதன் கண்ணும் போகவேண்டும். விரலில் தொட்டு வைத்ததை நாக்கு வெளியே தள்ளக்கூடாது. மாசக் கணக்கையெல்லாம் அவள் நம்பமாட்டாள். ஆறு மாசத்தில் கேட்கிற பிள்ளையும் உண்டு, எட்டு மாசம்வரை துப்புகிற பிள்ளையும் உண்டு.

பேச்சியின் மகன் ரங்கனுக்கு ஏழு மாசம். ஒரு வாரமாகவே இத்தனையும் காட்டிவந்தான். போதாததற்கு மருதாம்பாள் தட்டிலேயே கையை விட்டான்.

தொல்லையே இதில்தான். பால்குடிப் பிள்ளை வைத்திருப்பவள் மட்டும் பத்து மணிக்கு அரைமணி நேரம் இறங்கி வரலாம் என்பது ஹெர்பர்ட் துரை போட்ட சட்டம். பிள்ளை சோறு தின்னத் தொடங்கினால் அன்றோடு அது போச்சு. பிறகு சாயங்காலம் வரை அது தாய் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் சனிக்கிழமைதோறும் லிங்கசாமி மேஸ்திரி வந்து, ஒவ்வொரு பால்குடிப் பிள்ளையின் நாக்கிலும் ஒரு கிள்ளு ராகிக்களி வைத்துப் பார்ப்பார். துப்பினால் பால் பிள்ளை, விழுங்கினால் சோற்றுப் பிள்ளை. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த பரீட்சையோ.

பேச்சி வெள்ளிக்கிழமையே வந்து கெஞ்சினாள். "மாசித் தேருக்குக் காரமடை போயி எங் கையால மொதச் சோறு ஊட்டோணும்னு இருக்கறனுங்க்கா. அதுவரைக்கும் ஒண்ணும் குடுத்துப்போடாதீங்க."

மருதாம்பாள் தலையை ஆட்டி வைத்தாள். ஆனால் தேருக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. பேச்சிக்கோ பால் வற்றிக்கொண்டு வந்தது. குடித்து முடித்த கையோடு கைமுட்டியைச் சப்பிக்கொண்டு அழுகிற பிள்ளையை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கல்மனசுக்காரியாலும் ஆகாது. மருதாம்பாளுக்குச் சட்டத்தின்மேல் கோபம், பேச்சியின்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே அலுப்பு.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தன் தூக்குப்போசியைத் திறந்தாள். சுட்ட உருளைக்கிழங்கைச் சோற்றோடு வைத்துக் குழையப் பிசைந்தாள். ரங்கன் முகத்தைத் திருப்பி வாயை மூடிக்கொள்ளும்வரை ஊட்டினாள். வயிறு நிறைந்த பிள்ளை எதைக் கொடுத்தாலும் வாங்காது என்பது அவளுக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. அவர் வைத்த களியை ரங்கன் நாக்கால் தள்ளி அவர் கோட்டிலேயே துப்பினான். பால் பிள்ளை என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கோட்டைத் துடைத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்குப் பேச்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். மார்பில் போட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் மாற்றினாள், அதுவும் ஆகவில்லை. கழுத்து மடிப்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"ஊட்டிப்போட்டீங்களாக்கா?"

"ஆமா அம்மிணி. பசிக்கு அழுதான்."

பேச்சி சண்டைக்கு வரவில்லை. போசியில் மிச்சமிருந்த சோற்றில் கொஞ்சம் எடுத்து மகன் வாயருகே கொண்டுபோனாள். அவன் திறக்கவில்லை. வேலைக்குத் திரும்பும் நேரம்வரை சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் திட்டியிருந்தால் மருதாம்பாள் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். இருபது வருஷமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் சோறு அவள் கையால்தான். பெற்றவர்களுக்குச் சாயங்காலம் சேதிதான் கிடைக்கும். அதை ஒரு உபகாரம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ரங்கனுக்கு அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் அவன் கொட்டகையே அதிர அழுதான். அவனைப் பார்த்து மற்றதுகளும் ஆரம்பித்தன. வலிக்கிற இடுப்பில் அவனைச் சுமந்துகொண்டு பத்துமணிவரை நடந்தாள். பேச்சி வந்ததும் பிள்ளையைக் கொடுத்து, பிசைந்து வைத்த தட்டையும் கையில் வைத்தாள்.

"பால் நேரத்துலயே ஊட்டு அம்மிணி. நான் வாசல்ல இருக்கறேன். மேஸ்திரி வந்தா இருமறேன்."

பேச்சி தட்டையே பார்த்தாள். "தேரும் இல்ல, மொதச் சோறும் இல்லீங்களேக்கா."

"சனிக்கெழம நான் குடுத்தது கெழங்கு," என்றாள் மருதாம்பாள். "மொதச் சோறு இதுதான்."

பருக்கையை எடுத்தவள் பேச்சிதான். கிழங்கு மட்டும் என்றது பொய் என்று இருவருக்குமே தெரியும். பேச்சி உட்கார்ந்து பிசைந்ததை உருட்டினாள்.

மருதாம்பாள் வாசலில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அழுகை நின்றது. திரும்பிப் பார்த்தாள். கை வருவதற்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு ரங்கன் தாயை நோக்கிச் சாய்ந்திருந்தான். ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதை அந்தக் கொட்டகையில் அன்றுதான் அவள் முதல்முதலாகப் பார்த்தாள்.