வாயில் தண்ணீரோடு வந்தவர்

பல் கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவளுக்கு நாளடைவில் தானும் பாதி டாக்டர் என்ற நினைப்பு வந்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் பதினோரு வருஷம் உட்கார்ந்த எனக்கு முழுசாகவே வந்திருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தவர்களே, உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போனில் வைத்தியம்

மிளகாய் குடோனில் மூட்டை தூக்கும் முருகேசன் போன் பண்ணினார். தேனிக்காரர். பச்சைத் தண்ணீர் பட்டால் கடைவாய்ப் பல் சுருக்கென்கிறது, எப்போது வரலாம் என்றார். அன்று ஒரே கூட்டம். டாக்டரை ஒரு வார்த்தை கேட்காமல், "இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்கு? நல்ல வெந்நீர்ல உப்புப் போட்டு தினம் நாலு தடவை கொப்பளிங்க, சரியாப் போயிடும்" என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க சொன்னா சரிதாங்க்கா."

என் வாய்

மூன்று வாரம் கழித்து, கையில் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு ஒருத்தர் வந்து நின்றார். பெயர் கேட்டேன், பதிலே இல்லை. கன்னம் உப்பியிருந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? துப்பிட்டு வந்து பேசுங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

துப்பிவிட்டு வந்தார். "முருகேசன்" என்று சொல்லி முடிப்பதற்குள் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆம்பளை இப்படி அழலாமா?" என்று வேறு கேட்டேன். கடவுளே, என்ன வாய் எனக்கு! பெஞ்சில் இருந்த மீன்காரச் சேச்சிதான் எழுந்து பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "வாயில வெச்சுக்கோ மோனே, அவளுக்குப் பல்லு வலிச்சதில்ல."

பல்லுக்குள் மிளகாய்

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பல்லுக்குள் இருக்கும் நரம்பு நுனியில் சூட்டை உணர்வதற்கென்று ஒன்று இருக்கிறதாம். மிளகாய்க் காரத்தை உணர்வதும் அதேதானாம். சொத்தை ஆழமாகி உள்சதை புண்ணானால், வெதுவெதுப்பான தண்ணீருக்கே அது அலற ஆரம்பித்துவிடும். அலறுவதோடு நிற்காமல், அந்த நரம்பே சில ரசாயனங்களைக் கசியவிட்டு வீக்கத்தையும் கூட்டும். சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடம் ஏது? முதலில் கூச வைத்த அதே குளிர்ந்த தண்ணீர் பட்டால்தான் அப்போது கொஞ்சம் அடங்கும்.

முருகேசன் அந்த வலியிலும் சிரித்தார். "நாள் பூரா மிளகாய் மூட்டை தூக்குறேன், பல்லுக்குள்ளயும் மிளகாயா டாக்டர்?"

யார் சொன்னது?

நரம்பையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. தண்ணீர் பட்டுக் கூசியபோதே வந்திருந்தால் பல்லை அடைத்தே அனுப்பியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு நாள் என்ன பண்ணினீங்க?"

"வெந்நீர் கொப்பளிச்சேன்."

"சூடு பட்டா உயிர் போகுதுன்னு சொல்றீங்க, அப்புறமும் வெந்நீரா? யார் சொன்னது?"

டாக்டரின் கருவித் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். "நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம். அதைவிட மானம் போய்விடுமே என்ற பயம். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. முருகேசன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சவங்க ஒருத்தங்க டாக்டர். நல்லதுக்குத்தான் சொன்னாங்க."

அன்றைக்குக் கொழுக்கட்டை இருந்தது என் வாயில்தான்.