சாத்தாமல் விட்ட வேன் கதவு

குற்றால அருவியில் தலையைக் கொடுத்தால் பயம் தெளிந்துவிடும் என்று நம்பினேன். சித்தம் கலங்கினவர்களையே கூட்டிவந்து நிறுத்துகிற தண்ணீர் அது. எட்டு வயதுப் பிள்ளையின் பயம் எம்மாத்திரம்? ஐம்பதை நெருங்கும் ஸ்கூல் வேன் டிரைவர் கண்டுபிடித்த வைத்தியம் இது, சிரித்துக்கொள்ளுங்கள்.

கடையம் சாலையில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், பள்ளி விட்டு வருகிற நேரம், பழைய பகைக்காக நாலு பேர் சேர்ந்து ஒருவனை வெட்டிக் கொன்றார்கள். பத்தடி தள்ளி என் வேன். உள்ளே இந்த எட்டு வயதுக்காரியோடு ஆறு பிள்ளைகள். மற்ற ஐந்தும் அழுது, காய்ச்சலில் கிடந்து, எப்படியோ பள்ளிக்குத் திரும்பின. இவள் மட்டும் வாயே திறக்கவில்லை. வேன் பக்கமும் வரவில்லை.

ஊர் சும்மா இருந்ததா? வெட்டியதைப் போனில் எடுத்து எல்லாருக்கும் அனுப்பி, கீழே 'குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தான் ஒரு புண்ணியவான். செத்தவனுக்கு ஒரு பிளக்ஸ், வெட்டினவர்களுக்கு ஒரு பிளக்ஸ், இரண்டிலும் சிங்கம். இவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எத்தன வெட்டுட்டி? எண்ணுனியா?" என்று கேட்டார்கள். கேட்ட வாயில் ஒன்று போடக் கை பரபரத்தது. போடவில்லை. அதே வாய்தான் அடுத்து என்னைப் புகழ்ந்தது.

"அண்ணாச்சி குறுக்க நின்னு மறைக்கலன்னா பிள்ளைக கதி என்னாயிருக்கும்!"

அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படி ஒரு நடிப்பு.

"அவகிட்ட எதையும் தோண்டிக் கேக்காதீங்க, அவளா பேசட்டும்னு ஆஸ்பத்திரி மேடம் சொல்லுதாவ அண்ணாச்சி" என்றாள் அவள் அம்மா.

"மேடத்துக்கு அருவியப் பத்தி என்னம்மா தெரியும்? கெளம்புங்க."

வேன் என்றால் ஏறமாட்டாள் என்று பஸ்ஸிலேயே கூட்டிப்போனேன். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் அவர்கள் இருவரும், ஆண்கள் பக்கம் நான். தலையைக் கொடுத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தண்ணீர் கூடுகிறது என்று போலீஸ்காரர் விசில் ஊதினார். பஸ் நிறுத்தத்தில் அன்றைக்கு ஓடியது போலவே கூட்டம் கத்திக்கொண்டு ஓடியது. எதை மறக்கடிக்கக் கூட்டிவந்தேனோ, அதையே டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்து காட்டியிருக்கிறேன். இது அப்போது தோன்றவில்லை. நான்தான் ஓடிக்கொண்டிருந்தேனே! இடுப்புத் துண்டோடு நேந்திரம் சிப்ஸ் கடையில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், எனக்கு முன்னால் ஒருவரும் வந்திருக்கவில்லை. பந்தயம் என்றால் கோப்பை எனக்கு.

பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"மாமா, அன்னைக்கும் நீங்கதான் மொதல்ல ஓடுனிய."

"ஏட்டி! மாமால்லா ஒன்னயக் காப்பாத்துனாவ" என்றாள் அம்மா.

பிள்ளையின் உதடு மறுபடி ஒட்டிக்கொண்டது. வாயை அடைத்தது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கண்ணால் கண்டதைப் பொய் என்று ஒரு ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லவைத்தவன், ஈரத் துண்டோடு இங்கே நிற்கிறான். என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்த அருவி போதாது.

"அவ சொல்லுதது நெசம்மா" என்றேன்.

அன்றைக்கு நான் யாரையும் மறைக்கவில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு ரைஸ் மில் வரை ஓடினேன். அந்தக் கதவை இழுத்துச் சாத்தி, சின்னப் பிள்ளைகளை சீட்டுக்கு அடியில் குனியச் சொன்னவள் அவள்தான்.