பம்பை அடித்தால்தான் ஊசி

பென்னாகரத்தில் எங்கள் தெரு மாதப்பன் ஆடு மேய்ப்பவர். பங்குனி உத்திரம் வந்தால் ஆறடி வேலைக் கன்னத்தில் குத்திக்கொண்டு குன்றேறுவார். முகம்கூடச் சுளிக்க மாட்டார். இந்த மாசியில் அவருடைய வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஆடுகள் திரும்பி நின்று அவருக்காகக் காத்திருந்தன. அவர் ஏறாவிட்டால் வேல் மச்சினன் முருகேஷுக்குப் போகும் என்று பூசாரி சொல்லிவிட்டார். வலியைவிட முருகேஷின் கன்னம்தான் மாதப்பனை உறுத்தியது.

அக்குபஞ்சர் டாக்டரம்மா கலைமணியிடம் என் வண்டியில் போனோம். தலைமுடி கனத்தில் ஓர் ஊசியை அவர் எடுத்ததும் மாதப்பன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்றார்.

"ஊசிங்களா? வாணாங்க."

"வேல் குத்திக்கிறவரு நீங்கதானே?"

"அது சாமிங்க. இது ஊசி."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் 'ச்சீ' என்ற உயிராற்றல் தடங்களில் ஓடுகிறது, தடைபட்டால் வலி, ஊசி தடையை விலக்கும் என்பது சீன மரபு. இன்றைய மருத்துவம் அந்தத் தடங்களைக் கண்டதில்லை. ஊசி நரம்பைத் தூண்டுகிறது, மூளை வலியடக்கும் பொருட்களைச் சுரக்கிறது என்கிறது.

"குத்துற மாதிரி பாவனை பண்ணாக்கூட சில பேருக்கு வலி கொறயுதுங்க. நம்பிக்கையும் வேலை செய்யுது."

"அப்ப பம்பை மேளம் வேணுமில்லீங்களா? பம்பை இல்லாம எப்படிங்க குத்தறது?"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சம்மதித்தார்.

மறுநாள் பம்பைக்காரர் வெங்கடாசலம் வந்து அடித்தார். மாதப்பனுக்கு அருள் வந்தது.

"ஆடாதீங்க சாமி, ஊசி வளைஞ்சிரும்" என்றார் டாக்டர்.

சாமி ஆடாமல் படுத்தது. பக்கத்துக் கட்டிலில் தலைவலிக்கு வந்திருந்த குள்ளம்மாள், நெற்றியில் ஊசிகளோடு எழுந்து உட்கார்ந்து, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று சாமியிடம் கேட்டாள்.

"ஊசி எடுத்தப்பறம் சொல்றேன்" என்றது சாமி.

சில வாரங்களில் முழங்கால் மடங்கியது. ச்சீயா, மூளையா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. வெங்கடாசலம் சொன்னார்: பம்பை.

உத்திரத்தன்று குன்றடியில் பூசாரி வேலைக் கன்னத்தருகே கொண்டுவந்தார். மாதப்பன் கண்ணைத் திறந்தார்.

"ஸ்பிரிட் தொடைச்சீங்களா?"

பம்பை நின்றது.

"சாமிக்கு எதுக்குடா ஸ்பிரிட்டு?" என்றார் பூசாரி.

"டாக்டரம்மா தொடைச்சிட்டுத்தாங்க குத்துவாங்க."

பக்கத்தில் நின்ற முருகேஷ் தன் கன்னத்தை நீட்டினான். மாதப்பன் அவசரமாக இடுப்பிலிருந்து பஞ்சும் சின்ன பாட்டிலும் எடுத்துக் கொடுத்தார். பூசாரி முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். வேல் இறங்கியது. மாதப்பன் முழங்காலை மடக்கி முதல் படியில் காலை வைத்தார்.

பின்னால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முருகேஷ் ஏறினான்.