ஜீப்புக்கு ஏர் எடுத்த சனிக்கிழமை

எங்கள் வீட்டில் பனியன் வேஸ்ட் மூட்டை ஒன்று எப்போதும் இருக்கும். கட்டிங்கில் கழியும் துண்டுத் துணிகள். வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். திருப்பூர்ப் பக்கம் பிறக்கிற பாதிக் குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டுகிற துணி அதுதான். பாப்பா பிறந்ததும் நானும் அதில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மடித்து அலமாரியில் அடுக்கிவைத்தேன்.

அதே துணியில்தான் என் கணவர் ஜீப்பைத் துடைப்பார்.

மூட்டையிலிருந்து எடுத்தால்கூடப் பரவாயில்லை. அலமாரிக்கே வந்துவிடுவார். "நீ அலசி வெச்சதுதான் புள்ள நல்லா உறிஞ்சுது" என்பார், பாராட்டுகிற மாதிரி. மத்தியானம் அந்தத் துணிகள் கருப்பாகி, கிரீஸும் மண்ணுமாகக் கொல்லை வாசல்படியில் கிடக்கும். கோழி ஒன்று அதைக் கிளறும். பாப்பாவுக்குத் தொடை இடுக்கில் சிவந்தால், இந்தத் துணியில் ஒன்று தவறிப்போய்த் துவைக்கிற வாளிக்குள் விழுந்திருக்குமோ என்று முதல் சந்தேகம் எனக்கு வரும். நான் சரியாக அலசவில்லையோ என்று அடுத்த சந்தேகம். டாக்டரிடம் இரண்டையும் சொல்லாமல் "என்னன்னு தெரியலீங்க" என்று நிற்பேன்.

அது பழைய டீசல் ஜீப். மலைத் தோட்டம் ஒன்றில் ஓடிக் கழிந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் என்பதுதான் அதன் பெருமை. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வேலை பார்த்த நிட்டிங் கம்பெனிக்குப் போகிற சாலை, கேரம் பலகை மாதிரி தட்டை. அங்கே எந்தச் சேற்றில் நாலு சக்கரமும் இழுக்கப்போகிறது? கேட்டால், "மிஷின்னா முழுசா வேலை செய்யோணும் புள்ள. பாதி செத்த மிஷின வெச்சுட்டு எப்புடித் தூங்கறது?" என்பார். அவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். ஆயிரக்கணக்கான ஊசி வைத்த மிஷினையே பிரித்துப் பூட்டுகிறவருக்கு ஜீப் ஒரு பொருட்டா என்ற எண்ணம். மெக்கானிக்கிடம் விடுவது மானக்கேடு.

அதனால் ஜீப் வீட்டு வாசலிலேயே வேப்பமரத்தடியில் பிரிந்து கிடக்கும். வீரபாண்டியில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் இவருக்குக் கூட்டாளி. வாரம் ஒரு சாமான் அங்கிருந்து வரும். கியர் பெட்டியிலிருந்து வடிகிற எண்ணெய்க்கு ஒருநாள் பாப்பாவைக் குளிக்க வைக்கிற பேசினை வைத்திருந்தார். நான் பார்த்தபோது அதில் தார் மாதிரி ஒரு குழம்பு, மேலே எறும்பு மிதந்தது. "சோப்புப் போட்டாப் போயிரும்" என்றார். போகவில்லை. சோற்றைப் பிசையும்போது அவருடைய நகக்கண்ணைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். இதையெல்லாம் அவருடைய அம்மாவிடம், என் அத்தையிடம் சொன்னால், "சீட்டாடப் போறானா, தண்ணி போடறானா? வாசல்லயே உழுந்து கெடக்கறான். அதுக்குச் சந்தோசப்படு அம்முணி" என்பார். சந்தோஷப்படத்தான் வேண்டுமோ என்று அதையும் யோசிப்பேன்.

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம் மொட்டை அடித்துக் காது குத்துவதாக முடிவானது. தாராபுரம் தாண்டிக் கொமரலிங்கத்தில் என் அப்பா வீடு, கோயிலும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் ஜீப்பிலேயே போவது என்று அவர் சொல்லிவிட்டார். அதற்காகப் பிரேக் வேலையைக் கையில் எடுத்தார். நாலு சக்கரத்திலும் பிரேக்குக்குள் இருக்கிற சின்ன ரப்பரை மாற்றினார். எடுத்துப் போட்ட பழைய ரப்பரைக் காட்டி எனக்கு ஒரு பாடமும் நடத்தினார். "இதுக்குப் பிரேக் ஆயில் மட்டுந்தான் ஒத்துக்கும். வேற எந்த ஆயில் பட்டாலும் ஊறி அப்பளமாட்டம் உப்பிரும். அப்பறம் பிரேக் புடிச்சா உடாது, இல்லாட்டிப் புடிக்கவே புடிக்காது."

அது என் மனதில் பதிந்தது. பதியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மறுநாள் நினைத்தேன்.

சனிக்கிழமை கரண்ட் இல்லாத நாள். கம்பெனி ஓடாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டார். அதை ஏர் எடுப்பது என்பார்கள். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு திருகைத் திறந்து மூட வேண்டும். பாப்பா தூக்கம் கலைந்து அழுதுகொண்டிருந்தாள். அத்தை கோயிலுக்குக் கொண்டுபோக மாவு இடிக்கப் போயிருந்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"மிதி."

மிதித்தேன்.

"புடி. உடாத... உடாத... ம், உடு."

இப்படியே எத்தனை முறை என்று தெரியாது. அடியிலிருந்து பிரேக் ஆயிலின் புளித்த நாற்றம் வந்தது. அவர் கால்கள் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன.

"ஆயில் எறங்கிருக்கும். கொறஞ்சா ஊத்து புள்ள, மறுக்கா காத்துப் பூந்துரும்!"

அந்த ஜீப்பில் பிரேக் ஆயில் ஊற்றுகிற இடம் காலடியிலேயே, தரைத் தகட்டுக்குக் கீழே இருந்தது. ஆயில் டப்பாவின் வாய் அதற்குள் போகாது என்று, அவர் அதைத் தண்ணீர் பாட்டில் ஒன்றில் மாற்றி வைத்திருந்தார். பக்கத்திலேயே இன்னொரு தண்ணீர் பாட்டில். அது என் தையல் மிஷினுக்காகக் கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த நிட்டிங் ஆயில். காலையில் ஜீப் கதவுக் கீலுக்கு விட எடுத்து வந்திருந்தார். பாப்பா பிய்த்துக்கொண்டு அழுதாள். ஒரு கையில் அவளைப் பிடித்து, இன்னொரு கையில் கிடைத்த பாட்டிலைத் தூக்கி ஊற்றினேன்.

ஊற்றி முடித்து மூடும்போதுதான் எந்தப் பாட்டில் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள், "மிதி!" என்றார். மிதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து பெடலைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார். "கல்லாட்டம் நிக்குது பாரு!" என்று அந்தக் கையாலேயே பாப்பா கன்னத்தைக் கிள்ளினார். கன்னத்தில் கருப்பாக ஒரு கோடு. அதைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

சோறு வடித்தேன், பாப்பாவுக்குப் பால் கொடுத்தேன். நல்ல பாட்டிலைத்தான் எடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். பெடல்தான் கல்லாக நிற்கிறதே. வெளியே போய் இரண்டு பாட்டிலையும் பார்த்தேன். இரண்டுமே குறைந்திருந்தன. இரண்டின் மூடியும் நீலம். பிரேக் ஆயில் லேசான மஞ்சள், நிட்டிங் ஆயில் தண்ணீர் நிறம். மர நிழலில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பார். அப்பா வீட்டில் சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிறவள் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நான் நினைத்தது உண்மை. ஒரு மணி நேரம் நினைத்தேன். பிறகு, பாப்பாவை மடியில் வைத்து அந்த ஜீப்பில் முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன்.

நான் படித்தது கெமிஸ்ட்ரி. கண்ணாடி டம்ளர் மூன்றில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் பிரேக் ஆயில் விட்டேன், கரைந்து போனது. இன்னொன்றில் நிட்டிங் ஆயில் விட்டேன், மேலே மிதந்தது. மூன்றாவதற்கு ஜீப்பின் தரைத் தகட்டைத் தூக்கி, உள்ளேயிருந்து எடுக்க வேண்டும். எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பாப்பாவின் மருந்து ஃபில்லரைத்தான் எடுத்தேன். அவள் வாயில் வைக்கிற பொருளை அந்த அழுக்குக் குழிக்குள் விட்டு உறிஞ்சியபோது எனக்கு வாந்தியே வந்துவிட்டது. அவர் பாப்பாவின் பேசினை எடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாவது டம்ளரில், தண்ணீருக்கு மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

மூன்றையும் தட்டில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டிலில் பாப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, ஜூஸா?"

"நான் நிட்டிங் ஆயிலை ஊத்திட்டனுங்க."

டம்ளர்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "பி.எஸ்ஸி. படிச்சவளுக்கு ரெண்டு பாட்டிலுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"ரெண்டையும் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சது ஆருங்க?"

அத்தை மாவோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். நான் அவரை எதிர்த்துப் பேசி அத்தை கேட்டது அதுதான் முதல் முறை.

அவர் குரலைத் தணித்தார். "ரெண்டு சொட்டுக்கு என்னாயிரும்? பெடல் நிக்குதல்ல? நாளைக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்."

"அப்பளமாட்டம் உப்பிரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அது ஒடனேயா உப்பும்?"

"எப்ப உப்பும்னு தெரியுமாங்க உங்களுக்கு? தாராபுரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். "பாப்பா இதுல வர மாட்டா. நானும் வர மாட்டனுங்க." சொன்னவுடனேயே அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது. அத்தைதான், "பஸ்ஸுலயே போலாம் சாமி. இவளுக்கு மூஞ்சியே சரியில்ல, வழியெல்லாம் வாந்தி எடுப்பா" என்றார். என் பக்கம் பேசுவதாகக் காட்டிக்கொள்ளாமல் என் பக்கம் பேசிவிட்டார்.

பஸ்ஸில் போனோம். மொட்டை அடித்துக் காது குத்தினோம். "ஜீப்பு எங்கீங்க மாப்ள?" என்று ஊரே கேட்டது, "ரிப்பேருங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் முகம் சுருங்கிப் போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் பிரேக்கைப் பிரித்தார். நான் பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அடுப்படிக்கு வந்து, சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், நான் அலசி மடித்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு ரப்பரை வைத்தார். மூன்று நாளைக்கு முன் புதிதாகப் போட்டது. ஓரம் விரிந்து, உப்பி, கொழகொழவென்று எதிலோ செத்து ஊறினது மாதிரி இருந்தது. நான் சொன்னது சரி என்று மட்டும் சொல்லவில்லை.

"சோத்துக்குப் பக்கத்துலயாங்க இதைக் கொண்டாந்து வெப்பீங்க?" என்றேன்.

எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து இரண்டாவது மூட்டை ஒன்று வந்தது. சாயம் போட்ட கலர் வேஸ்ட். அதை அவரே ஜீப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அலமாரிப் பக்கம் அதன் பிறகு அவர் கை வரவில்லை. நிட்டிங் ஆயில் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

ஜீப் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் தரைத் தகட்டைத் தூக்கி, பிரேக் ஆயிலை நான் ஒருமுறை பார்ப்பேன். அந்த நாற்றம் எனக்குப் பழகவே இல்லை. அவர் வெளியே நின்று காத்திருப்பார்.