லாக்கில் இருந்த பெயர்

சிங்கவரத்துக் கலைச்செல்விக்குச் செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை. நோயாளிகளின் பதிவுகள் தொலையாமல் காப்பது அவள் பொறுப்பு. ஞாயிறுதோறும் முழு பேக்கப், அதாவது எல்லாப் பதிவுகளுக்கும் நகல், எடுப்பாள். மற்ற நாட்களில் அதன்பிறகு மாறியதை மட்டும். அரைமணிக்கொருமுறை லாக் என்ற மாற்றக் குறிப்பேட்டுக்கும் பேக்கப். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் வரிசையாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை, அவலூர்பேட்டைக் கர்ப்பிணி ஒருத்தியின் ரத்த வகை தவறாகப் பதிவாகியிருந்தது. ரத்தம் ஏற்றுமுன் நர்ஸ் மறுபடி சோதித்ததால் உயிர் தப்பியது. மேனேஜர் ரங்கநாதன் கலைச்செல்வியைக் கைகாட்டினார். அவள் அப்பாவை வரவழைத்து, ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். கூலிக்குப் போய் அவளைப் படிக்கவைத்த மனுஷன், நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போட்டார். அன்றே அவள் வேலை போயிற்று.

"அந்தாள நான் விடமாட்டேன் நைனா," என்றாள் வழியில்.

மறுநாளே மருத்துவமனையை நடத்தும் டாக்டர் ஷோபனாவிடம் போனாள். "லாக்க பாருங்க மேடம். யார் மாத்துனதுன்னு அதுல இருக்குது." சனிக்கிழமை பார்க்கலாம் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை ரங்கநாதன் தயாராக இருந்தார். "நேத்து டேட்டாபேஸ் மொத்தமா போய்டுச்சு மேடம். வியாழக்கிழமை நான் எடுத்த முழு பேக்கப்பும் கெட்டுப்போச்சு. அது இல்லாம அதுக்கப்புறம் எடுத்த தினசரி பேக்கப் ஏறாது. இனி இன்னா பண்ணாலும் வராது."

"தினசரி பேக்கப்தான் ஏறாது சார்," என்றாள் கலைச்செல்வி. "நடுவுல முழு பேக்கப் எடுத்தா லாக் வரிசை அறுந்துடாது. போன ஞாயித்துக்கிழமை ஃபைல் இருக்குது. அதுலேர்ந்து எல்லா லாக்கும் இருக்குது."

அந்த ஃபைல்கள் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்தன. இனி உதவாது என்று நினைத்து ரங்கநாதன் அவற்றை அழிக்காமல் விட்டிருந்தார்.

அவரைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள். ஞாயிறு பேக்கப்பை ஏற்றி, லாக்குகளை ஒன்றும் விடாமல் ஒவ்வொன்றாகப் போட்டாள். சீக்கிரம் முடித்திருக்கலாம், வேண்டுமென்றே நிதானமாகச் செய்தாள். வியர்வையில் அவர் சட்டை நனைவதைப் பார்க்கப் பிடித்திருந்தது. புதன் காலை பதினொன்று பத்தொன்பதுக்கு ரத்த வகை சரியாக இருந்தது. பதினொன்று இருபதுக்கு மாறியது. மாற்றியவர் பெயர்: ரங்கநாதன்.

"கை தவறிடுச்சும்மா. வெளிய சொல்லாத," என்றார் மெதுவாக.

"எங்க நைனா கையெழுத்து போட்டப்ப கூப்ட்ட மாதிரி எல்லாரையும் கூப்டுங்க மேடம்."

எல்லோரும் வந்தார்கள். ரங்கநாதன் அவர்கள் முன்னால் மன்னிப்புக் கடிதம் எழுதினார். இரண்டு இடத்தில் பிழை என்று சொல்லி, மறுபடி எழுதவைத்தாள்.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. "போதும் கலை, அவருக்கும் பிள்ளைங்க இருக்குது," என்றார் ஷோபனா. மறுவாரம் கர்ப்பிணியின் கணவர் போலீசில் புகார் கொடுத்தபோது, சாட்சி சொல்லக் கலைச்செல்வியும் கூடப் போனாள்.